ஒரு கைப்பிடித் தவிடு

என் வீட்டுக்காரரின் பேண்ட் பாக்கெட்டில் தவிடு இருந்தது.

துணியை மெஷினில் போடும் முன்பு பாக்கெட்டையெல்லாம் வெளியே இழுத்துப் பார்ப்பது என் பழக்கம். அவர் பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துப் பட்டறையில் டிராக்டர் பழுது பார்க்கிறவர். நட்டு, போல்ட், கிரீஸ் துணி என்று எது வேண்டுமானாலும் வரும். ஒரு முறை செத்த பல்லிகூட வந்தது. தவிடு மட்டும் வந்ததில்லை. சின்ன பிளாஸ்டிக் பையில் ஒரு கைப்பிடி அளவு போட்டு, ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"இது என்னாங்க?" என்றேன்.

"தவிடு."

"தவிடுன்னு எனக்கும் தெரியுது. நம்ம வீட்ல கோழியா வளக்கிறோம்?"

"யாரோ குடுத்தாங்க," என்றபடி என் கையிலிருந்து பையை வாங்கினார். குப்பையில் போடுவார் என்று பார்த்தேன். போடவில்லை. போட்டிருந்த சட்டையின் பையில், நெஞ்சுப் பக்கமாக, பத்திரமாக வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்தப் பை சட்டைக்குச் சட்டை மாறிக்கொண்டே இருந்தது. எலி அம்மணமாக ஓடினால் சும்மா ஓடாது என்பார்கள். ஒரு மனுஷன் தவிட்டை நெஞ்சில் சுமந்துகொண்டு திரிந்தால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது?

நான் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. பாசாரில் மீன்காரர் செவுளைத் திறந்து காட்டினால்கூட ஒரு விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். என் தொழிலும் அதற்கு ஏற்ற தொழில்தான். சிரம்பானில் ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். ஒருவர் அழகாக ஒன்றைச் சொன்னால், எதை மறைக்க இதைச் சொல்கிறார் என்று கேட்பதுதான் அங்கே என் வேலை. அந்தக் கேள்வியைக் கல்லூரியிலேயே கழற்றி வைத்துவிட்டு வர எனக்குத் தெரியாது.

அந்தப் பருவத்தில் நடத்தியது பழைய பியூரிட்டன் கவிதைகள். இங்கிலாந்திலிருந்து கப்பலேறி அமெரிக்காவில் போய்க் குடியேறிய, கறுப்புத் தொப்பி போட்ட கடும் பக்திக்காரர்கள் எழுதியவை. கப்பலேறி வந்தவர்கள் என்பதைத் தவிர அவர்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் மேடம் என்று மாணவர்கள் கொட்டாவி விடுவார்கள். அந்தப் பாட்டுகளில் எனக்கு ஒரு விஷயம் ஆரம்பத்திலிருந்தே உறுத்தியது. ஒருவர் எழுத ஆரம்பிக்கும்போது வீட்டின் மேல், துணையின் மேல், பெட்டி படுக்கை மேல் உயிரையே வைத்திருப்பார். ஒவ்வொரு சாமானும் எந்த மூலையில் இருந்தது என்பதுவரை சொல்வார். கடைசிக்கு வந்ததும் குரல் மாறிவிடும். இதெல்லாம் வெறும் மண், எனக்கு எதுவும் வேண்டாம், எல்லாம் ஆண்டவனுடையது என்று முடித்துவிடுவார்.

வேண்டாதவர்களுக்குச் சாமான் இருந்த மூலைகூடவா ஞாபகம் இருக்கும்? "சீச்சீ இந்தப் பழம் புளிக்கும்னு சொன்ன நரிதான் கறுப்புத் தொப்பி போட்டுக்கிட்டுப் பாட்டு எழுதுது," என்று வகுப்பில் சொன்னேன். மாணவர்கள் சிரித்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை இது, கட்டுரையில் அப்படியே எழுதுங்கள் என்றேன்.

அப்போது என் வீட்டிலேயே ஒரு பூசணிக்காய் மறைந்துகொண்டிருந்தது.

தவிட்டுக்கு முந்தைய கதையைச் சொல்லிவிடுகிறேன். என் இடப் பக்க மார்பில் ஒரு கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் மார்பையே எடுத்துவிட்டார்கள். நான் படுத்திருந்த வார்டில் பக்கத்துக் கட்டில்காரியைப் பார்க்க வந்தவர்கள் ஜெபம் செய்தார்கள். திருவிழாவுக்குத் தவிரக் கோயில் வாசல் மிதிக்காத என் வீட்டுக்காரர், அவர்களோடு தரையில் முட்டி போட்டார். நான் வீடு திரும்பிய பிறகும் அவர் விடவில்லை. பக்கத்து ஊரான சுவாவில் கடை வரிசையில், டயர் கடைக்கு மேல்மாடியில், அவர்கள் ஞாயிறுதோறும் கூடுகிற ஜெபவீட்டுக்குப் போக ஆரம்பித்தார். நான் தடுக்கவில்லை. எனக்காகத்தான் முட்டி போட்டார்; யார் காலில் விழுந்தால் என்ன என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச நாளில் பாக்கெட்டில் அந்தத் தவிடு வந்தது. அதோடு மனுஷன் மாறிப்போனார்.

முன்பெல்லாம் என் சமையலைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்கு கறி தூக்கலா இருக்குலா," என்று விரலைச் சப்புவார். இப்போது ஒரு வாய் வைத்ததும், "வாயில வெக்க முடியல," என்பார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார். கூரையை அண்ணாந்து பார்த்து, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்வார். பாயை எடுத்துக்கொண்டு போய் ஹாலில் படுத்தார். கேட்டால் முதுகு வலி என்றார். தோட்டத்துக்காரர்கள் யாராவது, "டீச்சருக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று விசாரித்தால், "அவளுக்கென்னா, கெடக்கிறா," என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவார். அந்த வார்த்தையை நான் அடுப்படியிலிருந்து என் காதாலேயே கேட்டேன். கையிலிருந்த கரண்டியைக் கழுவுதொட்டிக்குள் வீசினேன்.

எனக்குத் தோன்றிய காரணம் ஒன்றே ஒன்றுதான். குளித்துவிட்டு வந்து கண்ணாடி முன்னால் நிற்பேன். தழும்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கிடக்கும். எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை, அவருக்கு எப்படிப் பிடிக்கும் என்று நினைப்பேன். அழுகை வரும், அதற்கு முன்னால் ஆத்திரம் வரும். புற்றுநோய் திரும்பி வருமோ என்று டாக்டர்கள் கவலைப்பட்டார்கள். எனக்கு அந்தக் கவலை இரண்டாவதுதான். இந்த மனுஷன் என்னை விட்டுப் போகிறாரா இல்லையா என்பதுதான் விடிந்தால் எழுந்தால் எனக்கு இருந்த ஒரே கேள்வி.

பிறகு வீட்டுச் சாமான்கள் காணாமல் போக ஆரம்பித்தன.

முதலில் போனது குத்துவிளக்கு. சிரம்பான் பக்கத்து ராசாவிலிருந்து நான் கல்யாணமாகி வந்தபோது சீராகக் கொண்டுவந்தது. "விளக்கி வெக்கலாம்னு ஒருத்தர்கிட்ட குடுத்திருக்கேன்," என்றார். விளக்கு விளங்கவே இல்லை, வரவும் இல்லை. அடுத்து வெள்ளிக் குங்குமச் சிமிழ். அதற்கப்புறம் பீரோவின் அடித்தட்டிலிருந்து என் கல்யாணப் பட்டுப்புடவை. அவருடைய சாமான் ஒன்றுகூடப் போகவில்லை. அவருடைய மீன் தூண்டில், பழைய ரேடியோ, பந்து விளையாடி வாங்கிய கோப்பை எல்லாம் தூசி படிந்து இருந்த இடத்தில் இருந்தன. போனதெல்லாம் என்னுடையவை.

விளக்கும் சிமிழும் என்றதும் எனக்கு ஜெபவீட்டின் மேல்தான் சந்தேகம் வந்தது. அங்கே பெண்கள் நகை போடமாட்டார்கள், தாலிகூடக் கிடையாது என்று கேள்விப்பட்டிருந்தேன். இன்றைக்கு விளக்கைக் கேட்டவன் நாளைக்குக் கழுத்தில் கிடப்பதைக் கேட்பான். ஒரு நாள் கல்லூரி விட்டு வரும் வழியில் காரை டயர் கடைக்கு முன்னால் நிறுத்திவிட்டு மேலே ஏறினேன்.

ஜெபவீட்டை நடத்துகிற போதகர் தனியாக நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர், பேச்சில் பணிவு. அந்தப் பணிவே எனக்குப் பிடிக்கவில்லை.

"எங்க வீட்டுக் குத்துவிளக்கு இங்க வந்துச்சா?" என்று எடுத்ததும் கேட்டேன்.

"நாங்க யார் வீட்டுச் சாமானையும் கேக்கிறதில்ல சிஸ்டர்."

"கேக்காமலே வருதோ என்னமோ."

அவர் கோபப்படவில்லை. வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உள் அறையைத் திறந்து காட்டினார். ஒரு மைக், ஒரு மேளம், பாட்டுப் புத்தகங்கள், ஒரு துடைப்பம் இருந்தன. நான் கதவுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தேன்.

"அப்ப இங்க என்னதான் சொல்லிக் குடுக்கிறீங்க? மனுஷன் ஆளே மாறிட்டாரு."

"எத ரொம்ப நேசிக்கிறோமோ அத ஆண்டவருக்கு மேல வெக்கக் கூடாதுன்னு சொல்லுவோம். அத அவரு கேட்டாலும் கேப்பாரு, குடுக்கிறதுக்கு மனசு தயாரா இருக்கணும்னு சொல்லுவோம். வேற ஒண்ணுமில்ல."

எனக்குச் சுருக்கென்றது. நான் வகுப்பில் கிழித்துக்கொண்டிருக்கிற பியூரிட்டன்காரன் டயர் கடை மாடியில் பேண்ட் சட்டையோடு நிற்கிறான் என்று நினைத்தேன். படி இறங்கப் போனபோது அவரே ஒரு வார்த்தை சொன்னார்.

"சிஸ்டர், உங்க வீட்டுக்காரரு கூட்டம் முடிஞ்ச ஒடனே கெளம்பிடுறாரே. நாங்க சாப்பாடு போட்டாக்கூட ஒக்கார மாட்டாரு. வீட்டுக்கு அவசரம்னு சொல்லுவாரு."

கூட்டம் பதினொரு மணிக்கு முடிகிறது. என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை வீடு வந்து சேர்வது இரண்டு மணிக்குமேல். சுவாவிலிருந்து நாங்கள் குடியிருக்கும் தாமானுக்கு மோட்டார் சைக்கிளில் பத்து நிமிஷம்கூட ஆகாது.

அதுவரை எனக்குப் போட்டி ஆண்டவர் என்று நினைத்திருந்தேன். படியில் நின்றபடியே கணக்கு வேறு மாதிரி வந்தது. கோழி வளர்க்கிற ஒருத்தி. குத்துவிளக்கும் பட்டுப்புடவையும் வேண்டியிருக்கிற ஒருத்தி. இரண்டு மார்பும் உள்ள ஒருத்தி. நெருப்பில்லாமல் புகையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இறங்கிப் போய்க் காரை எடுத்தேன்.

வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. கேட்டால் பொய் சொல்வார், பொய் சொன்னால் நான் நம்பமாட்டேன், பிறகு கேட்டு என்ன பிரயோஜனம்? கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்று காத்திருந்தேன். அந்த வாரத்திலேயே என் கோப்பையும் போனது. நீலப் பூப் போட்ட பீங்கான் கோப்பை. காது லேசாக உடைந்தது. அதில் தேத்தண்ணி குடித்தால்தான் எனக்குப் பொழுது விடியும். பட்டுப்புடவையை எவளோ கட்டிக்கொள்ளட்டும், ஆத்திரப்பட்டுவிட்டு விட்டுவிடலாம். உடைந்த காதுக் கோப்பையை ஒருத்தன் இன்னொருத்திக்குக் கொண்டுபோய்க் கொடுப்பானா? என் வாய் பட்ட இடத்தில் அவள் வாய் வைக்கிறாள் என்று நினைத்ததும் எனக்குப் பசியே அற்றுப்போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டுக்கு எதிர்ச் சாரியில் இருந்த சாப்பாட்டுக் கடையில் தூண் மறைவாக உட்கார்ந்தேன். அவர் இறங்கி வந்தார். மோட்டார் கூடையில் ஒரு பை. அதன் வாயிலிருந்து என் சாம்பல் நிறச் சால்வையின் நுனி எட்டிப் பார்த்தது. ஆஸ்பத்திரியில் குளிருக்கு நான் போர்த்திக்கொண்டிருந்த சால்வை. தேத்தண்ணிக்குக் காசை வைத்துவிட்டு எழுந்தேன்.

அவர் எங்கள் தாமானைத் தாண்டிப் போனார். பட்டறையையும் தாண்டிப் போனார். செம்பனைக்கு நடுவே செம்மண் சாலையில் தோட்டத்தின் கடைசி டிவிஷனுக்குத் திரும்பினார். நான் நன்றாகப் பின்தங்கியே ஓட்டினேன். அவர் கிளப்பிவிட்ட தூசியே எனக்கு வழி காட்டியது. அந்த டிவிஷனில் பழைய லயத்து வீடுகளை இன்னும் இடிக்கவில்லை. வெளிநாட்டு வேலையாட்கள்தான் பெரும்பாலும் இருந்தார்கள். தமிழ்க் குடும்பங்கள் ஒன்றிரண்டு மிச்சம். அவர் பிறந்து வளர்ந்த இடம் அது. கல்யாணமான புதிதில் ஒரு தடவை என்னைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டியிருக்கிறார், அவ்வளவுதான். நான் ராசாவில் வளர்ந்த பட்டணத்துக்காரி. எனக்குத் தோட்டத்துப் பழக்கவழக்கம் எதுவும் தெரியாது.

முனீஸ்வரர் கோயில் மறைவில் காரை நிறுத்திக்கொண்டு பார்த்தேன். கடைசி வீட்டுக்குள் பையோடு போனார். வெறுங்கையோடு வெளியே வந்தார். வாசலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு மோட்டாரை எடுத்தார். அவர் செம்பனைக்குள் மறைந்ததும் நான் இறங்கி நடந்தேன். என்னென்ன கேட்கவேண்டும் என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். ஒன்றும் நல்ல வார்த்தை இல்லை.

வாசலில் ஒரு பெண் கோழிகளுக்குத் தவிட்டைத் தண்ணீர் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள். அறுபதைத் தாண்டியிருக்கும். ரப்பர் பால்மரம் சீவி, செம்பனைப் பழம் பொறுக்கித் தேய்ந்த உடம்பு. நெற்றியில் விபூதி மட்டும் இருந்தது, புருஷன் இல்லாதவள் என்று தெரிந்தது. என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

"வாம்மா. என்னிக்காச்சும் நீ தேடிக்கிட்டு வருவன்னு தெரியும். உள்ள வா."

உள்ளே சாமி மேடையில் என் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பளபளவென்று தேய்த்திருந்தாள். பக்கத்தில் என் சிமிழ். கொடியில் ஒரு துணியில் சுற்றி என் பட்டுப்புடவை, அதன் மேல் இப்போதுதான் மடித்து வைத்த சால்வை. பழக்கதோஷம், வாசல் பக்கம் ஆண் செருப்பு கிடக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். கிடக்கவில்லை. அவள் அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்து நீட்டினாள். என் நீலப் பூக் கோப்பையில்.

"என் சாமானெல்லாம் இங்க என்ன பண்ணுது?" என்றேன். சத்தமாகத்தான் கேட்டேன்.

"ஒன் சாமான் ஒன் வீட்லதானம்மா இருக்கும்."

"இது என் வீடா?"

"ஆமா. ஒன்ன நான் வாங்கிட்டேன்ல."

அவள் முக்காலியை என் பக்கம் தள்ளினாள்.

"ஒக்காரு. ஒன் வீட்டுக்காரனுக்கு முன்னால அவங்கம்மாவுக்கு ரெண்டு புள்ளைங்க பொறந்து தங்கல. இவன் பொறந்ததும் தூக்கிக்கிட்டு வந்து எங்கம்மாகிட்ட வித்துட்டாங்க. ஒரு மொறம் தவிடுதான் வெல. தோட்டத்துல அது வழக்கம். எமன் வந்து தேடுனா, இது எங்க வீட்டுப் புள்ள இல்ல, வித்தாச்சு, போய்யான்னு சொல்லிடலாம்ல. வெலையும் தங்கத்துல இருக்கக் கூடாது. தவிட்டுக்குப் போன புள்ளைன்னா எமனுக்கே எளக்காரமா இருக்கும், இத எடுத்து என்னா பண்றதுன்னு விட்டுட்டுப் போயிடுவான்."

"அவங்கம்மாதானே இவரை வளத்தாங்க?"

"சோறு போட்டது, குளிப்பாட்டுனது எல்லாம் அவங்கதான். ஆனா கொஞ்ச மாட்டாங்க. 'யாரு பெத்ததோ, கெடக்குது'ன்னுதான் சொல்லுவாங்க. நல்லா சத்தமாச் சொல்லுவாங்க, கேக்க வேண்டியவனுக்குக் கேக்கணும்ல. ஒங்க கல்யாணத்துலதான் எங்கம்மாவுக்குச் சேல எடுத்துக் குடுத்து அவன மீட்டாங்க. ஞாபகம் இல்லையா?"

ஞாபகம் இருந்தது. தாலி கட்டும் நேரத்தில் எல்லோரையும் காக்க வைத்துவிட்டு, என் மாமியார் யாரோ ஒரு அம்மாவுக்கு வெற்றிலைபாக்கோடு சேலை கொடுத்துக் கும்பிட்டார். என்ன இது என்று கேட்டதற்குத் தோட்டத்துப் பழக்கம் என்றார்கள். நான் சிரித்துவிட்டு மறந்துபோனேன்.

"ஒனக்கு ஆப்பரேசன் முடிஞ்ச பின்னால ஒரு நாள் வந்தான்," என்றாள் அவள். "இதே முக்காலில ஒக்காந்து அழுவுறான். 'அக்கா, எதுமேல ரொம்ப ஆச வெக்கிறமோ அதத்தான் அவரு கேப்பாராம். எனக்கு ஒலகத்துல இருக்கிறதே இவ ஒருத்திதான். ஆச இல்லைன்னு எத்தன வாட்டி ஜெபம் பண்ணுனாலும் அவருக்கு உள்ளுக்குள்ள தெரியாதா'ங்கிறான். எனக்கு அந்தச் சாமியத் தெரியாதும்மா. எமனுக்குச் செஞ்சது அவருகிட்ட பலிக்குமா பலிக்காதான்னும் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் இது ஒண்ணுதான். பொண்டாட்டிய எனக்கு வித்துடுன்னேன். கோழித் தவிடு ஒரு கை அள்ளிக் குடுத்தேன். வாங்கிக்கிட்டுப் போயிட்டான்."

கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் என் புத்தி என்னை விட்டுப் போகுமா? "அவரு ஒங்க வீட்டுப் புள்ள, நானும் ஒங்க வீட்டு ஆளுன்னா, எங்க ரெண்டு பேருக்கும் மொறை என்ன ஆகிறது?" என்று கேட்டேன்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அதையும் யோசிச்சாச்சு. அவனத்தான் கல்யாணத்துல மீட்டாச்சே, அவன் கணக்கு அப்பவே முடிஞ்சு போச்சு. நீ இப்ப எனக்குத் தங்கச்சி. மொறை கெடாது."

"சரி, ஆளைத்தான் வித்தாச்சு. சாமான எதுக்கு ஒவ்வொண்ணாக் கொண்டாறாரு?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'ஆள வித்துட்டு அவ சாமான நானே வெச்சிருந்தா அவரு நம்புவாராக்கா'ங்கிறான். விளக்கு போதும்டான்னு சொன்னேன். கேக்கல. ஒனக்குச் செக்கப்பு வருதுன்னு தெரிஞ்சா பயம் வந்துடும். எதையாச்சும் ஒண்ணத் தூக்கிட்டு வந்துடுவான். அந்தக் கோப்பையக் கொண்டாந்த அன்னிக்குத்தான் ரொம்ப அழுதான்."

என் கை என்னை அறியாமல் கழுத்துக்குப் போனது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"அத அவன் கேக்க மாட்டான். கட்டுனது அவன். அத வித்துட்டா ஒனக்குக் காவல் ஏது."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல அக்கா? நான் என்னென்னமோ நெனச்சு செத்துப் பொழச்சேன்."

"நீ படிச்ச பொண்ணு. சிரிச்சிருப்ப. சிரிச்சிட்டா பலிக்காது."

சிரித்திருப்பேன். அவள் சொன்னது உண்மைதான். என்னைக் கேட்காமல் என்னை விற்க இந்த மனுஷன் யார் என்று எனக்குக் கோபமும் வந்தது. அதுவும் கோழித் தவிட்டுக்கு. அந்தக் கோபத்தோடேயே அழுதேன். அந்த லயத்து வீட்டில், முன்பின் தெரியாத ஒருத்தியின் முன்னால், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். எத்தனை நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று என் உடம்பையே வைதுகொண்டிருந்தேன். அவர் கூரையைப் பார்த்துப் பேசியதையெல்லாம் என்னைப் பார்த்துப் பேசியதாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

"சாமான எடுத்துக்கிட்டுப் போறதுன்னா போம்மா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றாள் அவள்.

அதற்குத்தானே வந்தேன். காரின் பின் சீட்டைக்கூடக் காலி பண்ணி வைத்திருந்தேன். எனக்கு எமன் மேலும் நம்பிக்கை இல்லை, டயர் கடை மாடி மேலும் நம்பிக்கை இல்லை. ஆனால் அடுத்த செக்கப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். கோப்பையைக் கழுவி, அவள் வீட்டு அலமாரியில் கவிழ்த்து வைத்தேன். வெறுங்கையோடு காருக்கு நடந்தேன்.

அந்த வாரம் வகுப்பில் மறுபடியும் அதே மாதிரிப் பாட்டு ஒன்று. வழக்கம்போல எல்லாச் சாமானையும் தொட்டுச் சொல்லிவிட்டு, எனக்கு எதுவும் வேண்டாம் என்று முடிகிறது. நரிக் கதையை எதிர்பார்த்து மாணவர்கள் சிரிக்கத் தயாராக இருந்தார்கள். என்னால் சொல்ல முடியவில்லை. இந்தக் கடைசி வரிகளை இவர்கள் யாருக்குக் கேட்கவேண்டும் என்று இவ்வளவு சத்தமாகச் சொல்கிறார்கள் என்று மட்டும் கேட்டேன். வாசகருக்கு என்றாள் ஒருத்தி. ஆண்டவருக்கு என்றான் ஒருவன். "ஆண்டவருக்குன்னா, அவரு நம்பணும்னா, எப்படிச் சொல்லணும்?" என்றேன். எனக்குத் தெரிந்த பதிலைப் பரீட்சையில் எழுதினால் மார்க் கிடைக்காது.

செக்கப் நாள் வந்தது. எப்போதும்போல அவர் கூட வரவில்லை. "பட்டறைல வேல இருக்கு, நீயே போயிட்டு வந்துடு," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். முன்பு இந்த வார்த்தைக்கு நான் வழியெல்லாம் அழுதிருக்கிறேன். இந்தத் தடவை அவர் சட்டைப் பையைப் பார்த்தேன். பிளாஸ்டிக் பையின் நுனி தெரிந்தது. கிளம்பினேன்.

டாக்டர் ஸ்கேன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு டாக்டர் மேலும் சந்தேகம்தான். நல்லா இருக்கு என்று அவர் சொன்ன பிறகும் நிஜமாகவா என்று திரும்பக் கேட்டேன். ஒன்றும் இல்லை, சுத்தமாக இருக்கிறது, போய்விட்டு வாருங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அவர் பட்டறைக்குப் போயிருக்கவில்லை. வாசலில் குந்தியபடி மோட்டார் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். சங்கிலி எண்ணெயில் ஊறித் தரையில் குட்டையாகத் தேங்கியிருந்தது. நான் வந்து நின்றது தெரிந்தும் திரும்பவில்லை. என்ன சொன்னார்கள் என்றும் கேட்கவில்லை. காது மட்டும் என் பக்கம் இருந்தது.

ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் என்றுதான் வந்தேன். வாசல் வரை வந்ததும் எனக்கே பயம் பிடித்துக்கொண்டது. மேலே யார் இருக்கிறார்கள், இருக்கிறார்களா, எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? கேட்கிறவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டே, பொதுவாக, ஊர்க்கதை சொல்வதுபோலச் சொன்னேன்.

"கடைசி டிவிஷன் அக்கா வீட்டு ஆளுக்கு ஒண்ணும் இல்லையாம். சுத்தமா இருக்காம். டாக்டர் சொன்னாரு."

எண்ணெய்க் குப்பி அப்படியே நின்றது. நான் தெரிந்துகொண்டேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. முதுகு இரண்டு தடவை குலுங்கியது. சங்கிலியைப் பார்த்தபடியே, "யாரு வீட்டு ஆளுக்கோ என்னமோ, நமக்கென்னா," என்றார். குரல் பாதியில் உடைந்தது.

"அதானே," என்று உள்ளே போனேன்.

கறி நேற்றே வாங்கி வைத்திருந்தது. நன்றாக மிளகு போட்டு, அவருக்குப் பிடித்த மாதிரி சுண்ட வைத்தேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது, எண்ணெய்க் கை பட்டுவிட்டது என்றார். தட்டில் சோற்றைப் போட்டுக் கறியை வைத்தேன். முதல் வாய் உள்ளே போனது.

"எப்படி இருக்கு?" என்று கூரையைப் பார்த்துக் கேட்டேன்.

"வாயில வெக்க முடியல," என்று அவரும் கூரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வழித்துத் துடைத்துச் சாப்பிட்டார். காலித் தட்டை என் பக்கம் நீட்டினார். நான் இன்னும் இரண்டு கரண்டி போட்டேன்.